பிஸ்கட் டப்பாவில் நாலு மெமரி கார்டு

அண்ணன் மகள் கல்லூரிச் சுற்றுலா போகிறாள். கையில் நல்ல செல்போன் இருக்கிறது. ஆனாலும் அவளுக்கு வேண்டியது என் பீரோவில் கிடக்கும் பழைய டிஜிட்டல் கேமரா. 2005இல் வாங்கியது. "அதுல எடுத்தாதான் சித்தப்பா அந்தக் கலர் வரும்" என்கிறாள். அந்தக் கலரிலிருந்து தப்பிக்கத்தான் நாங்கள் அடுத்தடுத்து கேமரா வாங்கினோம் என்று சொன்னால் யார் கேட்கப்போகிறார்கள்? கேமராவோடு ஒரு பிஸ்கட் டப்பாவும் கிடைத்தது. அதற்குள் நாலு மெமரி கார்டு. 256 எம்பியில் ஒரு எஸ்டி கார்டு, 2 ஜிபியில் இரண்டு, இன்னொரு கேமராவிலிருந்து மிஞ்சிய எக்ஸ்டி கார்டு ஒன்று.

"இதையெல்லாம் நம்பி எடுக்கலாமா, இல்ல புதுசு வாங்கிடலாமா?" என்றாள்.

புதிது வாங்குவது அத்தனை சுலபமில்லை. 1999இல் பானசோனிக், சான்டிஸ்க், தோஷிபா மூன்றும் சேர்ந்து அறிவித்த எஸ்டி கார்டின் முதல் இலக்கணம் 2 ஜிபியோடு முடிந்துவிடுகிறது. அதற்கு மேல், 32 ஜிபி வரை போகும் எஸ்டிஹெச்சி 2006இல் வந்தது. அதற்கு முந்தைய கேமராவில் இன்றைய 32 ஜிபி கார்டைச் செருகினால், பார்ப்பதற்கு அதே அளவு, அதே வடிவம். இருந்தாலும் கேமரா 'கார்டு பிழை' என்று முகத்தைத் திருப்பிக்கொள்ளும். ஆகவே பழைய கேமராவைத் தூசி தட்டி எடுப்பவர்கள் பழைய கார்டையே நம்பியாக வேண்டும், அல்லது எங்கோ எந்த நிலையிலோ கிடந்த 'ஓல்டு ஸ்டாக்'கை நம்ப வேண்டும்.

அவள் ஒரே கேள்வியாகக் கேட்டதில் இரண்டு கேள்வி இருந்தது. கார்டில் ஏற்கெனவே இருக்கும் படங்கள் பிழைத்திருக்கின்றனவா என்பது ஒன்று. இனி எழுதப்போவதை அது காப்பாற்றுமா என்பது இன்னொன்று. முதல் கேள்விக்குப் பத்து நிமிடத்தில் விடை தெரியும். இரண்டாவதற்குப் பொறுமை வேண்டும். அது ஏன் என்று புரிய, அந்தத் தபால்தலை அளவுப் பிளாஸ்டிக்குக்குள் என்ன நடக்கிறது என்று பார்க்க வேண்டும்.

கார்டுக்குள் இருக்கும் நினைவகச் சில்லில் கோடிக்கணக்கான நுண்ணறைகள். ஒவ்வோர் அறையிலும் எந்தக் கம்பியோடும் ஒட்டாமல், சுற்றிலும் மின்காப்புப் படலத்தால் மூடப்பட்ட ஒரு சிலிக்கன் துணுக்கு. இந்த ஏற்பாட்டை 1967இல் பெல் ஆய்வகத்தில் டாவோன் காங், சைமன் ஸீ என்ற இருவர் முன்வைத்தார்கள். துணுக்குக்குள் எலெக்ட்ரான்கள் அடைபட்டிருந்தால் 0, இல்லாவிட்டால் 1. அடைத்த எலெக்ட்ரான்கள் மின்சாரம் போன பிறகும் அங்கேயே கிடக்கும். கார்டுக்கு பேட்டரி தேவைப்படாததன் ரகசியம் இவ்வளவுதான்.

கதவே இல்லாத அறைக்குள் எலெக்ட்ரான்கள் எப்படிப் போகின்றன? சுவர் வழியாகத்தான். அந்தச் சுவர் சுமார் 8 நானோமீட்டர் தடிமனுள்ள சிலிக்கன் டை ஆக்சைடு. தலைமுடியின் தடிமனில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு. இவ்வளவு மெல்லிய சுவரின் குறுக்கே 20 வோல்ட் அளவுக்கு அழுத்தம் கொடுத்தால் எலெக்ட்ரான்கள் குவாண்டம் விதிப்படி ஊடுருவி மறுபக்கம் போய்விடும். கேமரா கார்டுக்குத் தருவதோ 3.3 வோல்ட். அதைப் படிப்படியாக ஏற்றி 20 ஆக்கும் சுற்றும் சில்லுக்குள்ளேயே உண்டு. தோஷிபாவில் ஃபுஜியோ மசுவோகா 1984இல் இந்த வகை நினைவகத்தை அறிவித்தபோது, அதில் ஒரு பெரும் பகுதியை ஒரே வீச்சில் அழிக்க முடிந்தது. அது கேமரா ஃப்ளாஷ் வெட்டுவதுபோல இருக்கிறது என்று அவருடன் வேலை பார்த்த ஷோஜி அரிஇஸுமி சொல்ல, அதுவே பெயராகிவிட்டது. பிற்காலத்தில் கேமராவுக்குள்ளேயே குடியேறப்போகும் பொருளுக்கு முன்கூட்டியே பொருத்தமான பெயர். நம் கார்டுகளில் இருக்கும் 'நான்ட்' வகை, அதே மசுவோகா குழு 1987இல் முன்வைத்தது.

சுவர் வழியாக உள்ளே போக முடியுமென்றால் சுவர் வழியாக வெளியேயும் வர முடியும். மண்பானையில் ஊற்றி வைத்த தண்ணீர் யாரும் தொடாமலே கசிவதுபோல எலெக்ட்ரான்கள் மெல்ல மெல்லக் கசிகின்றன. பானை புதிதாக, நன்றாகச் சுட்டதாக இருந்தால் கசிவு குறைவு. ஒவ்வொரு முறை எழுதும்போதும் அழிக்கும்போதும் அந்த 20 வோல்ட் மோதி மோதிச் சுவரில் நுண்ணிய பழுதுகள் விழும், கசிவு கூடும். சூடும் இதைத் துரிதப்படுத்தும். கணினிகளில் இதே வகை நினைவகத்தால் ஆன வட்டுக்கு எஸ்எஸ்டி என்று பெயர். எழுதி எழுதித் தன் வாழ்நாளை முடித்துவிட்ட வீட்டு உபயோக எஸ்எஸ்டி, மின்சாரம் இல்லாமல் 30 டிகிரி வெப்பத்தில் ஓராண்டு தகவலைக் காத்தால் போதும் என்றுதான் ஜெடெக் என்ற தரநிர்ணய அமைப்பே கேட்கிறது. மே மாதத்தில் நம் ஊர் மொட்டைமாடி அறையின் பீரோ 30 டிகிரியில் இருக்காது என்பது உங்களுக்கே தெரியும்.

இங்கே பழைய கார்டுக்குச் சாதகமான ஒரு விஷயம். பானையில் தண்ணீர் இருக்கிறதா, இல்லையா என்று மட்டும் பார்ப்பது ஒரு வகை. ஓர் அறைக்கு ஒரு பிட். கொஞ்சம் கசிந்தாலும் 'இருக்கிறது' என்ற பதில் மாறாது. ஓர் அறையில் மூன்று பிட் வைக்க வேண்டுமென்றால் பானையில் எட்டு மட்டங்களைக் கோடு போட்டு அளக்க வேண்டும். ஒரு விரல் அளவு கசிந்தாலே ஒரு கோடு மாறிவிடும். நான்கு பிட் என்றால் பதினாறு கோடு. விலை குறைவதற்கும் கொள்ளளவு பெருகுவதற்கும் நாம் கொடுத்த விலை இதுதான். 2000களின் நடுவில் வந்த சிறிய கார்டுகளில் பெரும்பாலும் ஒன்று அல்லது இரண்டு பிட்தான். அறைகளும் பெரியவை, எலெக்ட்ரான்களும் ஏராளம். இன்று சல்லிசாகக் கிடைக்கும் கார்டுகளில் மூன்று பிட் சாதாரணம். பழையது என்பதாலேயே பலவீனம் என்று நினைப்பது தவறு.

தேய்மானத்தைப் பற்றிய பயமும் வீட்டுக் கேமராவைப் பொறுத்தவரை வீண். ஒரு பிட் அறை சுமார் ஒரு லட்சம் முறை எழுதி அழிப்பதைத் தாங்கும். இரண்டு பிட் என்றால் சில ஆயிரம். மூன்று பிட் என்றால் ஆயிரத்தை ஒட்டி. மாதத்துக்கு இரண்டு முறை கார்டு நிரம்பி வழிந்தது என்று வைத்துக்கொண்டாலும் பதினைந்து ஆண்டில் 360 தடவைதான் ஆகிறது. நம்மில் யார் அவ்வளவு எடுத்தோம்? கண்காணிப்புக் கேமராவிலும் காரின் டேஷ்கேமிலும் இரவு பகலாக எழுதிக்கொண்டிருந்த கார்டின் கதை வேறு. அதைப் பிடுங்கி வந்து கல்யாணத்துக்குப் பயன்படுத்துவது ஆபத்து.

அப்படியானால் பழைய கார்டுகள் எதனால் போகின்றன? இதைச் செவ்வாய்க் கிரகத்தில் வைத்துப் பார்ப்பது சுவாரஸ்யம். 2004 ஜனவரியில் அங்கே இறங்கிய நாசாவின் ஸ்பிரிட், ஆப்பர்ச்சூனிட்டி என்ற இரண்டு ஊர்திகளிலும் 256 எம்பி ஃப்ளாஷ் நினைவகம்தான் இருந்தது. எங்கள் டப்பாவில் கிடந்த கார்டின் அதே அளவு! இறங்கிய மூன்றே வாரத்தில் ஸ்பிரிட் பேச்சு மூச்சில்லாமல் போனது. திரும்பத் திரும்பத் தன்னைத்தானே அணைத்து எழுப்பிக்கொண்டது. நினைவக அறைகளில் ஒரு குறையும் இல்லை. ஃபைல்கள் அளவுக்கு மீறிச் சேர்ந்து, அவற்றின் பட்டியலை நிர்வகிக்க முடியாமல் மென்பொருள் திணறியதே காரணம். பூமியிலிருந்தே ஃபார்மட் செய்தார்கள், சரியானது. ஆப்பர்ச்சூனிட்டிக்கு வந்தது வேறு நோய். தொண்ணூறு நாளுக்கென்று போன ஊர்தி பத்து ஆண்டு தாண்டி ஓடியதில் நினைவக அறைகள் நிஜமாகவே தேய்ந்துவிட்டன. 2014 செப்டம்பரில் ஃபார்மட் செய்தார்கள். கொஞ்ச நாளில் மறுபடியும் அதே தொல்லை. கடைசியில் ஏழு பகுதிகளில் பழுதான ஏழாவதை ஒதுக்கிவிட்டு மற்ற ஆறோடு ஓட்டப் பார்த்தார்கள். சில காலம் ஃப்ளாஷே இல்லாமலும் ஓட்டினார்கள்.

நம் வீட்டுக் கார்டுகளுக்குப் பெரும்பாலும் வருவது ஸ்பிரிட்டின் நோய். கார்டின் தொடக்கத்தில் 'ஃபேட்' என்றொரு அட்டவணை உண்டு. எந்தப் படம் எங்கே இருக்கிறது என்ற பொருளடக்கம். எழுதிக்கொண்டிருக்கும்போதே பேட்டரி தீர்ந்தாலோ, அவசரத்தில் கார்டை உருவினாலோ அந்த அட்டவணை குழம்பும். புத்தகம் அப்படியே இருக்க, பொருளடக்கம் மட்டும் கிழிந்ததுபோல. கணினியில் செருகியதும் 'இதை ஃபார்மட் செய்யட்டுமா?' என்று கேட்கும். இந்த இடத்தில் 'சரி' என்று அழுத்திவிட்டு அழுதவர்கள் அநேகம்.

இதைவிடவும் எளிய காரணம் ஒன்று: அழுக்கு. எஸ்டி கார்டின் முதுகில் இருக்கும் ஒன்பது தகடுகளுக்கும் தங்க முலாம் பூசியிருந்தாலும், கைவியர்வையும் கடற்கரை ஊர்களின் உப்புக்காற்றும் படிந்தால் தொடர்பு விட்டுவிட்டு வரும். ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் மெல்லத் துடைத்தால் போதும். ரப்பர் போட்டுத் தேய்ப்பவர்கள் உண்டு. பலன் தெரியும், கூடவே முலாமும் தேயும். நான் சிபாரிசு செய்யமாட்டேன்.

சரி, சோதனைக்கு வருவோம். கார்டு கிடைத்ததும் முதல் வேலை, அதன் ஓரத்தில் இருக்கும் குட்டித் தாழ்ப்பாளை 'லாக்' பக்கம் தள்ளுவது. ஒரு படத்தைத் திறந்துகூடப் பார்க்காவிட்டாலும் கணினி தன் பாட்டுக்குச் சில மறைவு ஃபைல்களைக் கார்டில் எழுதிவைக்கும், அதைத் தடுக்கத்தான். ஆனால் அந்தத் தாழ்ப்பாள் வெறும் பிளாஸ்டிக் துண்டு, கார்டின் உள்சுற்றுக்கும் அதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. அது எந்தப் பக்கம் இருக்கிறது என்று ரீடரில் உள்ள ஒரு சுவிட்ச்தான் தொட்டுப் பார்த்துச் சொல்கிறது. சுவிட்ச் இல்லாத மலிவு ரீடரில் பூட்டும் இல்லை.

அடுத்து, உள்ளே இருப்பதையெல்லாம் கணினிக்கு நகலெடுப்பது. சோதனை செய்யும் மென்பொருள்கள் கார்டை நிரப்பிப் பார்ப்பவை. காலி இடமாகத் தெரிவதன் அடியில் இருக்கும் அழிந்த படங்கள் அதோடு போய்விடும். மீட்க வேண்டியது இருந்தால் முதலிலேயே மீட்டுவிட வேண்டும். அட்டவணை குழம்பியிருந்தால் கிறிஸ்தோஃப் கிரெனியே எழுதிய ஃபோட்டோரெக் என்ற இலவச மென்பொருள் கைகொடுக்கும். அது பொருளடக்கத்தைப் பார்ப்பதே இல்லை. ஒவ்வொரு ஜேபெக் படமும் ஒரே இரண்டு பைட்டுகளில் தொடங்குவதால், கார்டை ஆதியோடந்தமாக வாசித்து, அந்த அடையாளம் தென்படும் இடத்திலிருந்து படத்தை அள்ளிக்கொண்டு வரும். கேமரா தொடர்ச்சியாக எழுதியிருந்தால் முழுப் படம் கிடைக்கும். நடு நடுவே அழித்து அழித்து எடுத்த கார்டில் ஒரு படத்தின் தலையும் இன்னொன்றின் உடலும் ஒட்டிக்கொண்டு வருவதுண்டு.

நகலெடுத்த பிறகு நிஜச் சோதனை. நிறையப் பேர் கார்டை ஃபார்மட் செய்துவிட்டு, பிழை எதுவும் வரவில்லையே, நல்ல கார்டுதான் என்று முடிவு செய்கிறார்கள். வழக்கமான ஃபார்மட் அந்த அட்டவணையை மட்டும்தான் புதிதாக எழுதுகிறது. வீட்டு வாசலைப் பெருக்கிவிட்டு வீடே சுத்தம் என்பதுபோல. முழுக் கார்டையும் தெரிந்த தகவலால் நிரப்பி, பிறகு முழுவதையும் வாசித்து, எழுதியதும் வாசித்ததும் ஒன்றா என்று ஒப்பிட வேண்டும். விண்டோஸில் ஹெச்2டெஸ்ட்டபிள்யூ, லினக்ஸிலும் மேக்கிலும் எஃப்3 என்ற மென்பொருள்கள் இதைத்தான் செய்கின்றன. இவை முக்கியமாகப் போலிக் கார்டுகளைப் பிடிக்க வந்தவை. ஒவ்வொரு கார்டுக்குள்ளும் ஒரு குட்டிக் கணினி இருக்கிறது, அதற்கு கன்ட்ரோலர் என்று பெயர். அதன் மென்பொருளை மாற்றினால் 4 ஜிபி சில்லை வைத்துக்கொண்டு 64 ஜிபி என்று பொய் சொல்ல வைக்கலாம். நாலு ஜிபி தாண்டியதும் மேலே எழுதுவதெல்லாம் காற்றில் போகும். நிரப்பிப் பார்த்தால்தான் குட்டு வெளிப்படும்.

கன்ட்ரோலர் பொய் மட்டும் சொல்வதில்லை, நல்லெண்ணத்தில் உண்மையை மறைக்கவும் செய்யும். தொழிற்சாலையிலிருந்து வரும்போதே ஃப்ளாஷ் சில்லில் சில பகுதிகள் பழுதாகத்தான் இருக்கும். அவற்றை ஒதுக்கிவைக்க உபரி இடமும் உண்டு. பின்னால் ஏதாவது ஒரு பகுதி கெட்டால் அதற்குப் பதில் உபரியிலிருந்து ஒன்றைச் சத்தமில்லாமல் மாற்றிவிடும். வாசிக்கும்போது நாலைந்து பிட் பிறழ்ந்திருந்தால், கூடவே எழுதிவைத்த திருத்தக் குறியீடுகளை வைத்துக் கணக்குப் போட்டுச் சரியாக்கித் தரும். கணினிகளின் வன்வட்டு தன் உடல்நலக் குறிப்பைக் கேட்டால் காட்டும். சாதாரண கேமரா கார்டிடம் அப்படி ஒரு குறிப்பேட்டைக் கேட்க வழியில்லை. உபரி தீரும்வரை எல்லாம் சௌக்கியம், தீர்ந்த அன்று திடீரென்று எழுத மறுக்கும். நமக்குக் கிடைக்கும் ஒரே தடயம் வேகம். எழுதும்போதோ வாசிக்கும்போதோ ஓரிடத்தில் மட்டும் கார்டு தயங்கித் தயங்கி நின்றால், அங்கே கன்ட்ரோலர் திரும்பத் திரும்ப முயல்கிறது என்று அர்த்தம். சோதனை ஓடும்போது டீ குடிக்கப் போகாமல் அந்த வேக எண்ணையும் கொஞ்சம் பார்த்துக்கொண்டிருப்பது நல்லது. 2 ஜிபி கார்டு நொடிக்கு 5 எம்பி வேகத்தில் நிரம்ப ஏழு நிமிடம்தான் ஆகும்.

பழைய கார்டுகளுக்கே உரிய ஒரு பொறியையும் சொல்ல வேண்டும். இன்றைய கணினியில் 8 ஜிபி, 16 ஜிபி ராம் இருக்கிறது. 2 ஜிபி கார்டில் எழுதிய அத்தனையையும் அது தன் ஞாபகத்திலேயே வைத்துக்கொள்ள முடியும். உடனே வாசிக்கச் சொன்னால் கார்டைத் தொடாமல் தன் ஞாபகத்திலிருந்தே ஒப்பித்துவிடக்கூடும். பரீட்சை எழுதியது கார்டு இல்லை, கணினி! எழுதி முடித்ததும் கார்டை முறைப்படி வெளியே எடுத்து, மறுபடி செருகி, அதற்குப் பிறகு வாசித்துப் பார்ப்பதே சரி.

இதிலும் தேறிவிட்டால் நம்பலாமா? இந்தச் சோதனை சொல்வது ஒன்றே ஒன்று: இப்போது ஊற்றிய தண்ணீர் இப்போது இருக்கிறது. பானை கசிகிறதா என்பதை ஊற்றிய மறுநிமிடம் எட்டிப் பார்த்து யாரும் சொல்ல முடியாது. ஒரே வழி காத்திருப்பதுதான். சோதனைத் தகவலை அழிக்காமல் அப்படியே வைத்து, ஒரு மாதம் கழித்து வாசிக்கும் பகுதியை மட்டும் திரும்ப ஓட்ட வேண்டும். இந்த இடைவெளியில் கார்டை அடிக்கடி செருகி 'சார்ஜ்' ஏற்றினால் நல்லது என்று ஒரு நம்பிக்கை உலவுகிறது. மின்சாரம் கொடுத்ததனால் மட்டும் அறைகளில் எலெக்ட்ரான் நிரம்பிவிடாது. நகலெடுத்து, அழித்து, மீண்டும் எழுதினால்தான் பானை நிரம்பும்.

நல்லவேளை, சுற்றுலாவுக்கு இன்னும் ஆறு வாரம் இருந்தது. எங்கள் டப்பாவின் முடிவுகள் இவை. 256 எம்பி கார்டில் 41 படங்கள் இருந்தன. எல்லாம் முழுசாகத் திறந்தன. அவற்றில் ஒன்று, குலதெய்வக் கோயிலில் மொட்டையடித்துக் காது குத்தியபோது அவள் வீறிட்டழும் படம். அதற்குப் பிறகு அந்தக் கார்டுக்கு ஒரு தடவைகூட மின்சாரம் போகவில்லை. சோதனையிலும் மறுவாசிப்பிலும் ஒரு பிழை இல்லை. 2 ஜிபியில் முதலாவது, தகடுகளைத் துடைத்த பிறகு ஒழுங்காக ஓடி இரண்டு சோதனையிலும் தேறியது. இரண்டாவது, எழுதும்போது பாதிவழியில் ஓரிடத்தில் நின்று நின்று போனது. அன்றைய வாசிப்பில் தேறிவிட்டது. ஒரு மாதம் கழித்து வாசித்தபோது அதே பகுதியில் பிழை காட்டியது. கத்தரியால் நறுக்கிப் போட்டேன். குப்பையிலிருந்து யாராவது எடுத்துப் பயன்படுத்திவிடக் கூடாதே.

தேறிய இரண்டையும் கேமராவிலேயே ஃபார்மட் செய்து கொடுத்தேன். கணினியில் செய்வதைவிட அதுவே நல்லது. கேமரா எதிர்பார்க்கும் அமைப்பு அதில்தான் கிடைக்கும். தினமும் ராத்திரி படங்களை செல்போனுக்கு மாற்றிவிட வேண்டும், கார்டை அலமாரியாக்கக் கூடாது என்பது மட்டும் நிபந்தனை. கல்யாணப் படம் எடுப்பவர்கள் இரண்டு கார்டு போடும் கேமரா வைத்து ஒரே படத்தை இரண்டிலும் எழுதுகிறார்கள். தாலி கட்டுவதை இன்னொரு தடவை கட்டச் சொல்ல முடியாது என்பதால். அந்த மாதிரி வேலைக்குச் சோதனையில் தேறிய பழைய கார்டாக இருந்தாலும் தரமாட்டேன். சுற்றுலாவுக்குத் தாராளமாகத் தருவேன்.

எக்ஸ்டி கார்டு மட்டும் டப்பாவிலேயே இருக்கிறது. ஒலிம்பஸும் ஃபியூஜிஃபில்மும் 2002இல் கொண்டுவந்து, பிறகு கைவிட்ட வகை அது. உள்ளே கன்ட்ரோலரும் கிடையாது, வெறும் நினைவகச் சில்லுதான். எல்லாப் பொறுப்பும் கேமராவுடையது. அந்தக் கேமரா செத்துப் பல வருடம் ஆகிறது. படங்கள் உள்ளே பத்திரமாகவே இருக்கலாம், வாசிக்கத்தான் ஆளில்லை. வேலை செய்யும் எக்ஸ்டி ரீடர் உங்கள் வீட்டு டப்பா எதிலாவது கிடந்தால் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். ஒரு சாயங்காலம் இரவல் கேட்டு வருகிறேன்.